ஒரே கப்பல், வேறு வேறு சுவர்கள்

நைரோபியில் ங்கோங் சாலையில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதற்குள்ளேயே கிழக்காப்பிரிக்க நினைவகம். புதைக்க உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே பெயர் மட்டும் உண்டு. அந்த நினைவகத்தின் பதிவேட்டில் கிழக்காப்பிரிக்கப் பீரங்கிப்படை என்று தேடினால் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். கன்னர் இன்னார், படை எண் இன்னது, இறந்த நாள் 12 பிப்ரவரி 1944. அடுத்த பெயர், அவரும் கன்னர், அதே நாள். அதற்கடுத்தவருக்கும் அதே நாள். பக்கம் பக்கமாக அதே நாள்தான்.

ஒரு பீரங்கிப்படை ஒரே நாளில் இத்தனை பேரை இழக்க வேண்டுமென்றால் பெரிய சண்டை ஏதாவது நடந்திருக்க வேண்டும். அன்று அவர்கள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அவர்கள் பயணிகளாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள். கப்பலின் பெயர் கெதிவ் இஸ்மாயில். போக வேண்டிய ஊர் கொழும்பு.

'கன்னர்' என்பதை முதலில் சொல்லிவிடலாம். பீரங்கி சுடுபவர் எல்லோரையும் பொதுவாக அப்படிச் சொல்கிறோம். ஆனால் பிரிட்டிஷ் ராணுவ மரபில் அது ஒரு பதவியின் பெயர். காலாட்படையில் கடைசிப் படியில் இருப்பவர் 'பிரைவேட்' என்றால் பீரங்கிப்படையில் அதே படியில் இருப்பவர் 'கன்னர்'. நம் ஊர் வழக்கில் சிப்பாய். கிழக்காப்பிரிக்காவில் சிப்பாய்க்கு 'அஸ்காரி' என்று பெயர். ஆகவே நைரோபிச் சுவரில் இருக்கும் கன்னர்களில் பெரும்பாலானவர்கள் அஸ்காரிகள்.

கப்பலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1922இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் சிலி நாட்டு நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டினார்கள். அப்போது பெயர் அகோன்காகுவா. 1935இல் எகிப்தின் கெதிவியல் மெயில் லைன் வாங்கி, சூயஸ் கால்வாய் திறந்தபோது எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷாவின் பெயரை வைத்தது. போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு எடுத்துத் துருப்புக் கப்பலாக்கிற்று. ஏழாயிரத்துச் சொச்சம் டன். பெரிய கப்பல் என்று சொல்ல முடியாது. தென் அமெரிக்கக் கரையோரம் சொகுசாகப் போய்வரக் கட்டிய ஒன்றில் அடுக்கடுக்காகச் சிப்பாய்களை ஏற்றினால் எப்படியிருக்கும் என்று நாமே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை பேர் ஏன் ஆப்பிரிக்காவிலிருந்து இலங்கைக்குப் போனார்கள்? 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அன்றைக்கே போயிற்று. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படை இலங்கையை விட்டு நகர்ந்து மொம்பாசாவில் கிளிண்டினி துறைமுகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. 1943இன் பிற்பகுதியில்தான் படிப்படியாகத் திரும்ப ஆரம்பித்தது. கூடவே பர்மாவை மீட்கும் ஏற்பாடும் சூடுபிடித்தது. 11வது கிழக்காப்பிரிக்க டிவிஷன் அதற்கு முந்தைய ஆண்டே இலங்கைக்கு வந்து காட்டுப் போருக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் அது பர்மாவில் கபாவ் பள்ளத்தாக்கு வழியாக மழையிலும் மலேரியாவிலும் நடந்தே போய்ச் சின்ட்வின் ஆற்றைக் கடந்தது. சுருக்கமாகச் சொன்னால், அந்த வருஷம் இலங்கை ஒரு பெரிய படைக் கிடங்கு. பீரங்கிப்படையாளர்கள், செவிலியர்கள், கடற்படைச் செய்திப் பிரிவுப் பெண்கள் என்று எல்லோரும் அங்கே தேவைப்பட்டார்கள்.

ஆகவே 1944 பிப்ரவரி முதல் வாரத்தில் கிளிண்டினியிலிருந்து ஐந்து துருப்புக் கப்பல்கள் ஒரு கான்வாயாக, அதாவது போர்க்கப்பல் காவலோடு சேர்ந்து போகும் அணியாக, புறப்பட்டன. அதன் குறியீடு கே.ஆர்.8. கெதிவ் இஸ்மாயிலோடு சிட்டி ஆஃப் பாரிஸ், வர்சோவா, எக்மா, எல்லங்கா. ஐந்திலுமாக ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். கான்வாயின் தலைமை அதிகாரியான கொமடோர் கெதிவ் இஸ்மாயிலில் இருந்தார். அதாவது மற்ற நான்கும் அதைப் பார்த்து ஓட வேண்டும். காவலுக்கு ஹாக்கின்ஸ் என்ற பழைய குரூசர் வகைப் போர்க்கப்பல். வழியில் பெலடின், பெட்டார்ட் என்று இரண்டு டெஸ்ட்ராயர்கள், குரூசரைவிடச் சிறிய வேகமான போர்க்கப்பல்கள், வந்து சேர்ந்துகொண்டன.

கெதிவ் இஸ்மாயிலில் மட்டும் 1,511 பேர். அவர்களில் 996 பேர் கிழக்காப்பிரிக்கப் பீரங்கிப்படையின் 301வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். ஒரு படைப்பிரிவையே கிட்டத்தட்ட முழுதாக ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. ஒரு கணக்கு, ஒரு பட்டியல், இறங்கியதும் அப்படியே வரிசையில் நிற்கவைத்து அழைத்துப் போகலாம். என்னைக் கேட்டால், அந்தப் பிப்ரவரியின் எண்ணிக்கை இவ்வளவு கொடூரமாக ஆனதற்கு டார்பிடோ பாதிக் காரணம் என்றால் இந்த வசதி மீதிக் காரணம்.

மாலத்தீவு வரைபடத்தைப் பார்த்தால் தெற்கே லாமு, ஹுவது என்ற இரண்டு பவளத்தீவுக் கூட்டங்களுக்கு நடுவில் அகலமான ஓர் இடைவெளி தெரியும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரை டிகிரியில் இருப்பதால் அதற்கு ஒன்றரை டிகிரிக் கால்வாய் என்றே பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல்கள் மாலத்தீவின் நீண்ட பவளச் சங்கிலியை எங்காவது கடந்தாக வேண்டும். கடக்கக்கூடிய வாசல்கள் சில மட்டுமே. வேட்டைக்காரன் காடு முழுக்க அலையாமல் தண்ணீர்த் துறையில் காத்திருப்பதுபோல, நீர்மூழ்கிகளுக்கு அந்த வாசல்கள் வசதி. ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அங்கேதான் இருந்தது. அதன் தளம் பினாங்கு. தளபதி தொஷியாக்கி ஃபுக்குமுரா. இந்தியப் பெருங்கடலில் ஏற்கெனவே பல வணிகக் கப்பல்களை மூழ்கடித்தவர்.

12ஆம் தேதி சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்த வேளை. கடல் அமைதி, வெயில் நன்றாக இருந்தது. கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்கே கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். இரண்டரை மணி சுமாருக்கு இரண்டு டார்பிடோக்கள் கெதிவ் இஸ்மாயிலைத் தாக்கின. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, உடைந்து, மூழ்கியது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு நிமிஷம் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். துருப்புக் கப்பல்களில் சாதாரணச் சிப்பாய்களுக்கு இடம் கீழ்த் தளங்களில். அங்கிருந்து மேலே வர இரண்டு மூன்று ஏணிப்படிகள். ஒத்திகை பார்க்கும்போது நிமிர்ந்து நிற்கிற ஏணி, கப்பல் சாய்ந்ததும் பக்கவாட்டுச் சுவராகிவிடும். விளக்கு இருக்காது. உயிர்காப்புப் படகுகளை அவிழ்த்து இறக்கவே பத்து இருபது நிமிஷம் வேண்டும். அதனால் அன்று பிழைத்தவர்கள் பெரும்பாலும், அந்தக் கணத்தில் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதால் பிழைத்தவர்கள். மேல்தளத்தில் இருந்தவருக்கு வழி உண்டு, கீழே இருந்தவருக்கு இல்லை. பதவி குறையக் குறைய இடம் கீழே போகிற கப்பலில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

1,297 பேர் இறந்தார்கள். 208 ஆண்கள், 6 பெண்கள் பிழைத்தார்கள். இறந்த பெண்கள் 77 பேர், பெரும்பாலும் ராணுவச் செவிலியர்களும் கடற்படைப் பெண்கள் பிரிவினரும். கன்னர்களில் எத்தனை பேர் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பிழைத்த 208 ஆண்களும் 301வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்களே என்று வைத்துக்கொண்டாலும் அந்த ரெஜிமென்ட்டில் 788 பேர் மிஞ்சவில்லை. உண்மையில் பிழைத்தவர்களில் மாலுமிகளும் கடற்படையினரும் இருந்தார்கள். ஆகவே இழப்பு அதைவிட அதிகம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பிழைத்தவர்கள் கடைசிவரை மறக்காதது.

கான்வாய் விதி ஒன்று உண்டு. ஒரு கப்பல் அடிபட்டால் மற்றவை நிற்கக் கூடாது. நின்றால் அதுவும் இலக்காகிவிடும். ஹாக்கின்ஸோடு மற்ற நான்கு துருப்புக் கப்பல்களும் வேகமெடுத்து விலகிப் போயின. இரண்டு டெஸ்ட்ராயர்கள் மட்டும் திரும்பின. தண்ணீரில் எண்ணெய், பலகைகள், தெப்பங்கள், அவற்றைப் பற்றிக்கொண்டு மனிதர்கள். ஐ-27 அவர்களுக்கு நேர் கீழே மறைந்துகொண்டிருந்தது.

பெட்டார்டின் தளபதிக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான். ஆழ்நீர் வெடிகுண்டு போட்டால் தண்ணீருக்குள் அதன் அதிர்ச்சி நீந்துகிறவர்களின் குடலையும் நுரையீரலையும் கிழித்துவிடும். போடாவிட்டால் நீர்மூழ்கி தப்பித்துப் போய் மீதி நான்கு கப்பல்களைத் துரத்தும். அவற்றில் இன்னும் சில ஆயிரம் பேர். அவர் போட்டார். பிழைத்திருந்தவர்களில் சிலர் அதில் போனார்கள்.

சரி, நீர்மூழ்கி மேலே வந்தது. சண்டை இரண்டரை மணி நேரம் நீண்டது. டெஸ்ட்ராயர்களின் நான்கு அங்குலப் பீரங்கிகளால் அதன் உள் உடலைத் துளைக்க முடியவில்லை. பெலடின் இடித்து மூழ்கடிக்கப் பாய்ந்தது. கடைசி நேரத்தில் விலகியபோது நீர்மூழ்கியின் பக்கத் துடுப்பு பெலடினின் அடிப்பகுதியையே நீளமாகக் கிழித்துவிட்டது. பெட்டார்ட் ஒன்றன்பின் ஒன்றாக டார்பிடோ விட்டது. ஆறு தவறின. ஏழாவது பட்டது. மீண்டவர்களை மாலத்தீவின் தென்கோடியில் அட்டு பவளத்தீவில் இருந்த ரகசியத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பெட்டார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கப்பல் வேறொரு காரணத்துக்காகப் புகழ்பெற்றது. 1942 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைப் பிடித்து, அதற்குள்ளிருந்து, ஜெர்மானியர் ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தின் சங்கேதப் புத்தகங்களை எடுத்துவந்தது பெட்டார்டின் ஆட்கள்தான். அதில் உயிர்விட்ட டோனி ஃபாஸன், காலின் கிரேசியர் இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இத்தாலிய நீர்மூழ்கி. அப்புறம் ஐ-27. ஆகவே மூன்று எதிரி நாடுகளின் நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்த ஒரே கப்பல் என்ற பெருமை பெட்டார்டுக்கு. அந்தப் பெருமையைச் சொல்லும் பக்கங்களில் கெதிவ் இஸ்மாயில் ஒரு வரியில் வந்துபோகிறது. ஏழாவது டார்பிடோ நினைவிருக்கிறது, கீழ்த்தளம் நினைவில்லை.

செய்தியும் உடனே வெளிவரவில்லை. போர்க்காலத்தில் துருப்புக் கப்பல் மூழ்கிய விவரத்தை எதிரிக்குச் சொல்ல மாட்டார்கள், அது புரிகிறது. ஆனால் நம்மவர் நம்மவர் மேலேயே வெடிகுண்டு போட்ட கதையை யாருக்குத்தான் உரக்கச் சொல்லப் பிடிக்கும்? போர் முடிந்தபின் அட்லாண்டிக் கான்வாய்கள், ரஷ்யாவுக்குப் போன ஆர்க்டிக் கான்வாய்கள் எல்லாம் நூல்களிலும் திரைகளிலும் வந்தன. இந்தியப் பெருங்கடல் அந்தக் கதைகளுக்கு ஓரமான இடம். அதில் போன ஆப்பிரிக்கக் கன்னர்கள் ஓரத்துக்கும் ஓரம்.

இனி சுவர்களுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அவைதான்.

பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அதன் அடிப்படை விதி எளிமையானது. இறந்த ஒவ்வொருவருக்கும் கல்லறையிலோ நினைவகத்திலோ பெயர் இருக்க வேண்டும். பதவி, இனம், மதம் பார்க்கக் கூடாது. நிலத்தில் இறந்தவருக்குக் கல் நட்டுவிடலாம். கடலில் போனவருக்கு என்ன செய்வது? அங்கேதான் சுவர் வருகிறது. எந்தச் சுவர் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இறந்த இடத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, இடம் தண்ணீர். ஆகவே, யாரிடம் வேலைபார்த்தார் என்பதை வைத்து முடிவுசெய்தார்கள்.

கெதிவ் இஸ்மாயிலை வைத்தே பார்க்கலாம். அஸ்காரிக் கன்னர்களுக்கு நைரோபி. பிரிட்டிஷ் ராணுவச் செவிலியர்களுக்கு லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்வுட் நினைவகம். கடற்படையினருக்கும் கடற்படைப் பெண்களுக்கும் சாத்தம், பிளிமத், போர்ட்ஸ்மத் என்ற மூன்று கடற்படை நகரங்களில் இருக்கும் தூண்களில் ஏதோ ஒன்று. வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு லண்டன் டவர் ஹில். இந்திய மாலுமிகளுக்கு மும்பையும் சிட்டகாங்கும். போர்க்காலத்தில் கடலில் போன பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் என்று 6,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த இரண்டு ஊர்களிலும் இருப்பது சுவரில்லை, ஒரு பதிவேடு. மும்பையில் அது இந்திய மாலுமிகள் இல்லத்தில் இருக்கிறது.

ஒரே மதியம், ஒரே இரண்டு நிமிஷம், ஒரே தண்ணீர். பெயர்கள் மட்டும் மூன்று கண்டங்களுக்குப் பிரிந்து போய்விட்டன. சம்பளப் பட்டியல் எப்படிப் பிரிந்திருந்ததோ அப்படி.

இதில் டவர் ஹில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே பெயர்களைக் கப்பல் வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். கப்பலின் பெயர் மேலே, அதன் கீழே ஆட்கள். வணிக மாலுமிக்குப் படைப்பிரிவு கிடையாது, கப்பல்தான் அவனுக்கு எல்லாம். இரண்டாம் உலகப்போரில் போன சுமார் 24,000 பேர் அங்கே அப்படி நிற்கிறார்கள். அந்தச் சுவரின் முன்னால் நின்றால் ஒரு கப்பல் எத்தனை பேரோடு போனது என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். நைரோபியில் அது முடியாது. அங்கே தலைப்பு படையின் பெயர். கப்பல் எங்கேயும் தெரியாது.

கடலில் போன கன்னர்களில் இன்னொரு வகையும் உண்டு. அவர்களைச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கின் வேடிக்கை புரியாது. போர் தொடங்கியதும் பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களின் பின்பகுதியில் பீரங்கி பொருத்த ஆரம்பித்தது. பல முந்தைய போரில் மிஞ்சிய பழைய சாமான்கள். அவற்றை இயக்கக் கடற்படையிலிருந்து ஏறத்தாழ 24,000 பேரையும் ராணுவத்தின் கடல்சார் பீரங்கிப்படையிலிருந்து 14,000 பேரையும் கப்பல்களுக்கு அனுப்பினார்கள். வணிக மாலுமிகள் ஒன்றரை லட்சம் பேருக்கும் சுடப் பயிற்சி கொடுத்தார்கள். இந்த ராணுவக் கன்னர் கப்பலில் ஏறும்போது தளத்து வேலைக்காரர் என்று கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் ஆயுதப் படையாள் என்று இறங்கினால் பிரச்சினை. காகிதத்தில் அவர் மாலுமி, உடையில் சிப்பாய், வேலையில் கடற்படைக்காரர். சாப்பாடு மாலுமிகளோடு, கட்டளை ராணுவத்திலிருந்து. இப்படி மூன்று வீட்டுப் பிள்ளையாக இருந்தவர் கடலில் போனால் அவரைக் கடற்படையின் சுவரில் சேர்த்துக்கொண்டார்கள். பிளிமத், சாத்தம் தூண்களில் கடற்படையினருக்கு நடுவே ராணுவக் கன்னர்கள் இருப்பது அதனால்தான்.

ஆக, கப்பலைக் காக்கப் போன ராணுவக் கன்னருக்குக் கடலோர நகரத்தில் சுவர். கப்பலில் பயணியாகப் போன ராணுவக் கன்னருக்குக் கடலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் மேட்டுநிலத்தில் சுவர். இரண்டு பேரும் போனது தண்ணீரில். விதியைப் படித்துப் பார்த்தால் இரண்டுமே நியாயம்தான். ஒருவரையும் விடவில்லை. எனக்குக் குறையாகப் படுவது பிரித்தது இல்லை. பிரித்தவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒரு வழி வைக்கவில்லையே என்பதுதான்.

ஆனாலும் நைரோபிச் சுவரைக் குறைசொல்லும் முன் அதே ஊரின் நடுவில் இருக்கும் ஒரு பழைய சிலையைப் பார்க்க வேண்டும். முதல் உலகப்போரில் இறந்த கிழக்காப்பிரிக்கச் சிப்பாய்களுக்கும் சுமைதூக்கிகளுக்குமாக 1920களின் பிற்பகுதியில் நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் மூன்று ஊர்களிலும் வெண்கல அஸ்காரி சிலைகள் வைத்தார்கள். அவற்றில் இருக்கும் வாசகம், நாட்டுக்காகச் சண்டையிட்டால் நீ இறந்தாலும் உன் மகன்கள் உன் பெயரை நினைத்திருப்பார்கள் என்ற பொருளில் போகும். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் எழுதிக்கொடுத்தது. அந்தச் சிலைகளில் இறந்தவர் ஒருவரின் பெயரும் கிடையாது.

அது கவனக்குறைவும் இல்லை. 2021இல் ஆணையமே ஒரு குழு வைத்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை, அல்லது எந்த நினைவுமே வைக்கப்படவில்லை, எண்ணிக்கை 3,50,000 வரைகூடப் போகலாம் என்றது. பெரும்பாலானவர்கள் கிழக்காப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். அவர்களுடைய சமூகங்களுக்குத் தனித்தனிக் கல்லறையின் அருமை தெரியாது என்று அன்றைய அதிகாரிகள் தாங்களாகவே முடிவுசெய்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆணையமும் கேட்டது.

அந்தப் பின்னணியில் பார்த்தால் 1944இன் கன்னர் தன் அப்பா தலைமுறையைவிட ஒரு படி மேலே. அவருக்குப் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, நாள் இருக்கிறது. சம்பளத்தில் சமம் வரவில்லை. போர் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தொகையிலும் வெள்ளைக்காரருக்கு ஒரு விகிதம், அஸ்காரிக்கு அதைவிட மிகக் குறைந்த ஒரு விகிதம். பெயரில் மட்டும் சமம் வந்தது.

கப்பலில் போன ஒருவரின் கதை வெளியுலகுக்கு ஓரளவு தெரியும். கென்னத் கேண்டர் டவர், போர் நிருபர். போருக்கு முன்னால் விமானி, டென்னிஸ் ஆட்டக்காரர். கென்யாவிலிருந்து சிறுத்தைகளைக் கொண்டுபோய் 1937இல் லண்டனில் நாய்ப் பந்தயத் திடலில் ஓடவிட்டவர். அவருடைய சிறுத்தைகளைப் பற்றிக் கிடைக்கும் தகவலில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் கப்பலின் எந்த ஓர் அஸ்காரியைப் பற்றியும் கிடைப்பதில்லை. அவர் மேல் தப்பில்லை, பாவம், அவரும் போனார். எழுதத் தெரிந்தவர்களுக்கு நண்பர்களும் எழுதத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள்.

நம் பக்கம் வந்தால், கப்பல் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதில் தமிழுக்குத் தனி வழக்கமே உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போயிற்று. சில நிமிஷ வேலை. நூறு வருஷம் தாண்டியும் கெட்டிக்காரனை, எமகாதகனை 'எம்டன்' என்கிறோம். அந்தப் பெயர் அகராதியில் ஏறிவிட்டது. கெதிவ் இஸ்மாயில் நம் தெற்கே, கொழும்புக்குப் போகும் வழியில், எம்டன் சென்னையில் கொன்றதைப்போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. நம் பேச்சில் அதற்கு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. சுட்ட கப்பலைத்தான் ஊர் பார்த்தது, மூழ்கிய கப்பலை யாரும் பார்க்கவில்லை.

இலங்கை வாசகர்களுக்குக் கண்டிப் போர்க் கல்லறைத் தோட்டம் தெரிந்திருக்கும். சின்ன இடம், 203 கல்லறைகள், பச்சைப்பசேல் என்று வைத்திருப்பார்கள். அவற்றில் 35 கிழக்காப்பிரிக்கர்களுடையவை. இலங்கைக்கு வந்து சேர்ந்து, அங்கே உயிர்விட்டவர்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கல், கல்லைச் சுற்றிப் பூச்செடி. அன்றைய மதியம் அந்தக் கால்வாயில் எதுவும் நடக்காமல் இருந்திருந்தால் 301வது ரெஜிமென்ட் இன்னும் சில நாளில் கொழும்பில் இறங்கியிருக்கும்.

அந்தக் கப்பலில் போன ஒரு கன்னரைத் தேடுபவர்களுக்கு, பேரப்பிள்ளைகளோ என்னைப்போல வெறும் ஆர்வக்காரர்களோ, ஒரு வழி சொல்கிறேன். ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் படைப்பிரிவு, நாடு, நினைவகம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். தெரிந்ததையெல்லாம் அவற்றில் நிரப்பினால் பதிவேடு உங்களை நேராக நைரோபிக்குக் கூட்டிப்போய்விடும், சுவர்கள் பிரித்ததுபோலவே. எல்லாவற்றையும் காலியாக விட்டுவிட்டு இறந்த நாளை மட்டும் கொடுக்க வேண்டும்: 12 பிப்ரவரி 1944. அப்போது கன்னர்கள், செவிலியர்கள், கடற்படையினர், மாலுமிகள் எல்லோரும் ஒரே பட்டியலில் வருவார்கள். அன்றைக்கு இத்தாலியிலும் பர்மாவிலும் ஜெர்மனிக்கு மேலே வானத்திலும் இறந்தவர்களும் கூடவே கலந்து வருவார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மாலைப்பொழுது போதாது.